மேளமில்லாத பாண்ட்

ரொறன்ரோவில் மேளமே இல்லாமல் ஒரு மண்டபத்தை எழுப்பி ஆட வைக்கக்கூடிய வலது மணிக்கட்டு ஒன்று இருக்கிறது. அது என்னுடையது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஐம்பத்து நான்கு வயதாகிறது. இருபத்தாறு வருடமாக நகரப் பஸ் ஓட்டுகிறேன், பதினெட்டு வருடமாக ஒரு பாண்டை நடத்துகிறேன். இதை இப்போது நானே சொல்லாவிட்டால் என் செத்தவீட்டில் வேறு யாராவது எழும்பிப் பிழையாகச் சொல்லப்போகிறார்கள்.

நான் வாசிப்பது ஜிப்சி ஜாஸ். பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் பாவாடை சுழற்றி ஆடும் சினிமாப் பாட்டு எதையாவது நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். இது அதுவல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸை, மற்றவர்கள் 'ஜிப்சி' என்று அழைக்கும் ஃபிரான்ஸ் பக்கத்து ரோமா மக்கள் தங்கள் கிற்றாருக்கும் வயலினுக்கும் ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொண்ட இசை. இதில் மேளம், ட்ரம்ஸ் ஒன்றும் கிடையாது. அந்த வேலையை ஒரு கிற்றார் செய்ய வேண்டும். முதல் தட்டு மெல்ல, இரண்டாவது பலமாக. அடித்த கணமே இடது கை விரல்களைத் தளர்த்திச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும். டும் சக், டும் சக். பிரெஞ்சுக்காரர் இதைத் தண்ணீர் இறைக்கும் பம்பின் பெயரால் அழைக்கிறார்கள். பம்ப் நின்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை. அந்தப் பம்ப்தான் நான். பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட மற்றவர்களை அடக்கிவிட்டு முன்னுக்கு வந்து தனியாக வாசித்துக் காட்டியதில்லை. தெரியாமல் இல்லை, அதில் எனக்கு ஆசையில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் அக்கா சிரிப்பாள்.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். எனக்குப் பத்தொன்பது வயதில் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுத்தவள். நான் கணக்காளராக வருவேன் என்று நம்பியவள். பஸ் ஓட்டப் போனபோது மூன்று நாள் கதைக்கவில்லை, பிறகு ஆறிவிட்டாள். கிற்றாரைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் நான் கிற்றார் அடித்தபோது அது செபம். ஸ்காபரோவில் அடித்தால் அது வேலை வெட்டி இல்லாத சோலி. பாண்ட் தொடங்கின பிறகு அவள் கேட்ட கேள்வி ஒன்றேதான். அங்கே நீ என்ன செய்கிறாய், பின்னுக்கு இருந்து டக்கு டக்கென்று அடிப்பதுதானே? அது என் பாண்ட், நான்தான் நடத்துகிறேன் என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லுவேன். ஓமோம் என்றுவிட்டு ரோல்ஸ் தட்டை நீட்டுவாள். அந்த 'ஓமோம்' எனக்குப் பதினெட்டு வருடமாகத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

பாண்ட் தொடங்கிய கதை பஸ்ஸிலிருந்து வருகிறது. என் பஸ் போய்த் திரும்பும் சப்வே நிலையத்தில் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருப்பார். ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த ரோமா மனிதர், என்னைவிட இரண்டு வயது இளமை. எனக்கு அங்கே பன்னிரண்டு நிமிட ஓய்வு. பதினொரு நிமிடத்தை அவருக்கு முன்னால் நின்று முடிப்பேன். கோப்பி வாங்கவும் போவதில்லை. ஒருநாள் போய், நன்றாக இருக்கிறது, ஆனால் கீழே ஒன்றும் இல்லையே, காற்றில் தொங்குகிறதே என்று சொன்னேன். அவர் என் சீருடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியானால் கீழே வையுங்கள் பார்ப்போம் என்றார். அடுத்த நாள் ஓய்வு நாள். கோயில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் அடித்தது எங்கள் இலங்கைப் பைலா. எனக்குத் தெரிந்த துள்ளல் அது ஒன்றுதான். அவர் வயலினை இறக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, தாளம் முழுப் பிழை, மணிக்கட்டு முழுச் சரி என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் படித்தோம். ரோமா என்றால் இந்த இசை இரத்தத்தில் இருக்கும் என்று நானும் எல்லோரையும் போல நம்பியிருந்தேன். அவருடைய ஊரில் வாசிப்பதே வேறாம். இந்த ஜாஸை அவரும் இருபது வயதில் கசற்றிலிருந்து பொறுக்கியவர்தான். 'ஜிப்சி' என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்காது. அவர் ஊரில் அந்தச் சொல் கல்லோடு சேர்ந்து வரும். ஆனால் இந்த இசைக்கு உலகம் வைத்த பெயர் அதுவாகிவிட்டதே என்று தோளைக் குலுக்குவார். பெயரை நாங்கள் வைக்கவில்லை, வாசிப்பு எங்களுடையது என்பது அவர் வாதம்.

கொஞ்சக் காலத்தில் விட்பியிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியை டபுள் பேஸோடு வந்து சேர்ந்தார். தன்னைவிட உயரமான அந்த வாத்தியத்தைச் சின்னக் காருக்குள் எப்படி மடிக்கிறார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடைசியாக, ஏழு வருடத்துக்கு முன்னால், முன்னணிக் கிற்றாருக்கு ஒரு பல் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஸ்காபரோவில் பிறந்தவர், ஒஷாவாவில் கிளினிக் வைத்திருக்கிறார், நாற்பது வயது. விரல்கள் என்றால் விரல்கள். ஆறு நரம்பில் எட்டுப் பேர் வாசிப்பது போலக் கேட்கும். ஒரே ஒரு குறை. பயம் வந்தால் அந்த விரல்கள் ஓடத் தொடங்கும். ஓடினால் பாட்டின் நடுவில் மூச்சு வாங்கும்.

அதற்காகத்தான் என் பாண்டில் ஒரு சட்டம் வைத்தேன். எந்தப் பாட்டையும் யாரும் வாயால் எண்ணித் தொடங்கக் கூடாது. நான் குதிக்காலை இரண்டு தரம் தட்டுவேன். முதல் பதினாறு தட்டும் நான் மட்டும்தான். வேகம் இதுதான் என்று எல்லோருடைய வயிற்றிலும் இறங்கிய பிறகு மற்றவர்கள் வரலாம். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, யார் எப்போது முன்னுக்கு வருவது, எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் வீட்டு பேஸ்மென்றில் பயிற்சி. மேலே என் கணவர் இறைச்சிக்கறி வைப்பார். இசை கேட்டால் தூங்கிவிடுவார் என்பதைத் தவிர அவரில் வேறு குறையில்லை.

இப்படித்தான் வாசித்தோம். கலியாணங்களில், அறுபதாம் பிறந்தநாள்களில், டவுன்டவுன் உணவகங்களின் ஞாயிறு காலைகளில். ஒரு சாமத்தியவீட்டில் பெரியவளான பிள்ளை பல்லக்கில் வர நாங்கள் வாசிக்க, பல்லக்குத் தூக்கியவர்கள் தங்களை அறியாமல் என் தாளத்துக்கு நடந்து, பிள்ளை மேலே இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இதெல்லாம் எனக்குப் பெருமை. ஒளிக்க மாட்டேன்.

ஒளித்தது வேறொன்று. ஆரம்பக் காலத்தில் ஒரு கலியாணத்தில், ஏற்பாடு செய்த அங்கிள் வந்து யார் லீடர் என்று கேட்டார். வயலின்காரர் என்னைக் காட்டினார். அங்கிள் என்னைப் பார்த்தார், என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு வயலின்காரரிடம் திரும்பி, இல்லை, உண்மையில் யார் என்று கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கே பாண்டுக்குச் சொன்னேன். இனி யார் கேட்டாலும் லீடர் என்று ஒருவரையும் காட்ட வேண்டாம், காது உள்ளவனுக்குத் தெரியும். நிறைகுடம் தளம்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

போன வருடம் வசந்த காலத்தில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்காபரோ மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி. யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் எங்கள் ஆட்களின் விழா முடிந்ததாக வரலாறு இல்லை. அன்றைக்கும் மேசையில் ஆறு பொன்னாடைகள் மடித்து அடுக்கி இருந்தன. பிரதம விருந்தினர் ஓர் அரசியல்வாதி. அவருக்கு அன்று இன்னும் மூன்று விழா. நாங்கள் நான்காவது பாட்டின் நடுவில் இருந்தபோது அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார்.

சங்கத்தின் ஏற்பாட்டு அங்கிளுக்குப் பதற்றம், இவர் வேறோர் அங்கிள். விருந்தினர் போய்விட்டால் எங்களுக்குப் பொன்னாடை போர்த்த ஆளில்லை. பாட்டு முடியும் வரை காத்திருக்க நேரமில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் மேடைக்கு ஏறி வந்தார்கள். நால்வரில் யார் தலைவர் என்று அங்கிள் ஒரு கணம் பார்த்தார். நடுவில், முன்னுக்கு, மைக்குக்குப் பக்கத்தில், விரல் தெரியாத வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர் பல் டொக்டர். பொன்னாடை விரிந்து அவர் தோளில் விழுந்தது. தோளோடு நிற்காமல் கிற்றாரையும் கையையும் சேர்த்து மூடியது. அவர் வாசிப்பு நின்றது. வேறு வழியில்லாமல் எழுந்து கைகூப்பினார். இது எங்கள் சடங்கு ஏதோ என்று நினைத்த வயலின்காரர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

நான் நிறுத்தவில்லை. பம்ப் நிற்காது என்பது என் மதம். பேஸ்காரரும் என்னை விட்டுப் போகவில்லை. அங்கிள் மைக்கைப் பிடித்தார். பல் வைத்தியத் துறையிலும் இசைத் துறையிலும் ஒருங்கே மிளிரும் டொக்டர் அவர்கள், தனது குழுவினரோடு வருகை தந்து, என்று தொடங்கினார். பின்னால் என் டும் சக், டும் சக். அந்தப் பேச்சு என் தாளத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சனம் கைதட்டத் தொடங்கியது. அரசியல்வாதியும் அதே தாளத்தில் இரண்டு நிமிடம் பேசினார். அவர் வாழ்க்கையில் பேசிய பேச்சிலேயே அதுதான் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் இறங்கும்வரை நான் இரண்டே சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி அடித்தபடி நின்றேன். பிறகு டொக்டர் பொன்னாடையோடே உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பிடித்தார். மண்டபம் எழுந்து நின்றது.

யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். ஒரு கிழமைக்குள் அது போனுக்குப் போன் பாய்ந்தது. அந்த வீடியோவில் பொன்னாடை தெரியும், டொக்டரின் பல்வரிசை தெரியும், அங்கிளின் மைக் தெரியும். பொன்னாடைக்குப் பின்னால் ஏறி இறங்கும் ஒரு வலது முழங்கை தெரியும். அது நான். பார்த்து எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.

சிரிப்பு ஒரு மாதம்தான். ஏரிக்கரையில் கோடையில் நடக்கும் பெரிய இசைவிழாக்காரருக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. அவர்கள் டொக்டரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, உங்கள் பாண்டை எங்கள் மேடைக்குத் தர முடியுமா என்று ஈமெயில் போட்டார்கள். பதினெட்டு வருடமாக நான் விண்ணப்பித்து விண்ணப்பித்து ஒருவரும் பதில் போடாத விழா அது. டொக்டர் ஞாயிறு பயிற்சிக்கு வந்து செய்தியைச் சொன்னபோது பேஸ்காரர் அழுதுவிட்டார். நானும் கத்தி மேலே கணவரை எழுப்பினேன். பிறகு டொக்டர் போனில் போஸ்டரைக் காட்டினார். அவருடைய பெயர் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, குவார்டெட், அதாவது நால்வர் குழு. மற்ற மூவருக்கும் பெயரில்லை.

டொக்டருக்கு முகம் சிவந்தது. அவர்கள் பெயர் கேட்டார்கள், கொடுத்தேன், லீடர் யார் என்று கேட்கவில்லை என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, நீங்கள்தானே சொன்னனீங்கள், லீடர் எண்டு ஒருத்தரையும் காட்ட வேண்டாமெண்டு. I just followed the rule."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டவள். இன்றைக்கே எழுதித் திருத்திவிடட்டா என்று அவர் கேட்டார். கேட்டு வாங்கும் மரியாதை எனக்கு வேண்டாம், விடுங்கள் என்றேன். வயலின்காரர் என்னை முறைத்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவின் போன் வந்தது. மகளின் போனில் போஸ்டரைப் பார்த்திருக்கிறாள்.

"அந்தப் பல் டொக்டற்ர பேரல்லே கிடக்கு," என்றாள். "உன்ர பாண்ட் எண்டெல்லே இத்தனை வரியமாச் சொன்னனீ?"

"உது அவை விட்ட பிழை அக்கா," என்றேன்.

ஓமோம் என்றாள். விழாவுக்குத் தான் வருவதாகவும் செபமாலைக் குழுப் பெண்கள் ஆறு பேரையும் கூட்டி வருவதாகவும் சொன்னாள். பதினெட்டு வருடத்தில் அவள் என் வாசிப்புக்கு வருவது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு நான் பஸ்ஸுக்குள் தனியே இருந்தேன். வெட்கமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் பொய்க்காரியாகிவிட்டேன். நிறைகுடம் தளம்பாது, சரி. அதற்குள் தண்ணீர் இருக்கிறது என்பது எட்டிப் பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து வந்த கிழமைகளில் நான் நல்ல மனிதராக இருந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். விழா நாளன்று கூடாரத்துக்குப் பின்னால் வாத்தியங்களைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது டொக்டரிடம் போய், போஸ்டரில் உங்கள் பெயர், ஆகவே இன்றைக்கு நீங்களே எண்ணித் தொடங்குங்கள் என்றேன். அவர் முகத்தில் நன்றியும் பயமும் சேர்ந்து வந்தன. எனக்கு நன்றாகத் தெரியும், அவர் வேகமாக எண்ணுவார். வேகமாக எண்ணினால் மூன்றாவது சுற்றில் விழுவார். விழட்டும், யாருடைய பாண்ட் என்று அக்கா பார்க்கட்டும். அதுதான் என் கணக்கு.

மேடை நன்றாக இருந்தது. மூன்று பக்கம் திறந்த வெள்ளைக் கூடாரம், பின்னால் ஏரி, சனிக்கிழமை மதிய வெயில். அறிவிப்பாளர் டொக்டரின் பெயரைச் சொன்னார். சனம் கைதட்டியது. முன்வரிசையில் அக்கா, ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலையோடு. பக்கத்தில் ஆறு பெண்கள், மடியில் ஆறு கைப்பைகள். எனக்குக் கதிரை பின்னால் இடப்பக்கம். மைக் இல்லை.

முதற்பாட்டு நான் எழுதியது. எங்களுக்குள் அதைக் 'கடைசித் தரிப்பு' என்போம், என் பஸ் பாதையின் முடிவில் பிறந்த மெட்டு. எங்களிடம் உள்ளதிலேயே வேகமானது. டொக்டர் மைக்குக்குக் கிட்டப் போய் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நான் நினைத்ததைவிட மோசம். அந்த வேகத்தில் அந்தப் பாட்டைக் கடவுளாலும் வாசிக்க முடியாது. சொன்ன வேகத்துக்கு நான் அடித்தேன். கணக்குப்படி எல்லாம் நடந்தது. முதற்சுற்றில் சனம் வாயைப் பிளந்தது. இரண்டாவது சுற்றில் அவர் பின்கழுத்தில் வியர்வை தெரிந்தது. ஒரு வரியைப் பாதியில் விழுங்கினார். அடுத்த வரியிலும் இரண்டு சுரம் காணாமல் போனது.

அப்போது வயலின்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பேஸ்காரரும் பார்த்தார். இரண்டு பேரும் கோபமாகப் பார்க்கவில்லை. காத்திருந்தார்கள். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு சிக்கலிலும் அவர்கள் பார்க்கும் அதே பார்வை, இப்ப என்ன செய்வது என்று. என் கணக்கு அந்தக் கணத்தில் எனக்கே அருவருப்பாகிவிட்டது. விழப்போவது டொக்டர் இல்லை. என் பாண்ட், நான் எழுதிய பாட்டு, என் கையிலிருந்தே விழப்போகிறது. அதை விழவிட்டுவிட்டு யாருடையது என்று அக்காவுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

சனம் நிறைய நிற்கும் பஸ்ஸில் சடாரென்று பிரேக் போட முடியாது. நிற்பவர் கையிலுள்ள கோப்பி தளம்பாமல் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைகிறது என்பதே உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது. இருபத்தாறு வருடமாக நான் செய்யும் வேலை அதுதான். இரண்டாவது தட்டை ஒரு மயிரிழை கனமாக்கினேன். அடுத்ததை இன்னும் ஒரு மயிரிழை. பேஸ்காரர் உடனே பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு தட்டுக்குள் பாட்டு அதன் சொந்த வேகத்துக்கு வந்து அமர்ந்தது. கூடாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. டொக்டருக்குத் தெரிந்தது. அவர் தோள்கள் இறங்கின. மூன்றாவது சுற்றில் விழவேண்டிய மனிதர், நான் அவரிடம் கேட்டதிலேயே அழகான சுற்றை வாசித்தார். ஒவ்வொரு சுரமும் எண்ணி எடுத்து வைத்தது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, கை கலங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கெட்டித்தனங்களில் முதலாவது எது என்று கேட்டால் அந்த முப்பத்திரண்டு தட்டைத்தான் சொல்லுவேன்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்போது டொக்டர் எழுந்தார். இரண்டாவது பாட்டுக்கு எண்ணப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மைக்கிடம் போகவில்லை. கதிரையைத் தூக்கி, சனத்துக்கு முதுகு பாதி தெரிய, என்னைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வயலின்காரரும் ஒரு அடி பின்னுக்கு வந்து என் பக்கம் திரும்பினார். மேடைப் பொறுப்பாளர் ஓரத்திலிருந்து கையை ஆட்டினார், முன்னுக்குப் பாருங்கள் என்று. ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. மூவரும் வாத்தியத்தில் கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். கூடாரமும் அமைதியாகிவிட்டது. என்ன நடக்கிறது என்று சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது, அவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று.

நான் அவசரப்படவில்லை. அந்த அமைதியைக் கொஞ்சம் அனுபவித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு குதிக்காலை இரண்டு தரம் தட்டினேன். பதினாறு தட்டு, நான் மட்டும். மைக் இல்லாமல். கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து கூடாரத்துக்குப் பின்னால் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். டொக்டர் பக்கத்தில் வந்து நின்றார். வேண்டுமென்றுதானே என்னை எண்ணச் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். தானும் அந்த ஈமெயிலுக்குப் பதில் போடும்போது ஒரு நிமிடம் யோசித்ததாகவும், யோசித்துவிட்டும் என் பெயரை எழுதாமல் அனுப்பியதாகவும் அவர் சொன்னார். அந்தளவில் இருவரும் சரிசமம். இணையத்தில் கிடக்கும் போஸ்டரைத் திருத்தச் சொல்லி இன்று பின்னேரமே எழுதுவேன் என்றார். இந்தமுறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போது புல்லுக்குள் செருப்புப் புதையப் புதைய அக்கா வந்தாள். செபமாலைக் குழு பின்னால் வரிசையாக. எப்போதும் போல முதலில் என் கழுத்தை, பிறகு கையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு அவளுக்குப் பிடித்திருக்காது, சத்தம் கூடவென்று வீட்டுக்குப் போய்ச் சொல்லுவாள். வேறு எதையோ வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"நீ காலைத் தட்டுமட்டுக்கும் ஒருத்தரும் அசையேல்லை," என்றாள்.

டொக்டர் பக்கத்தில் நின்றார். பேஸ்காரரும் வயலின்காரரும் நின்றார்கள். ஆறு பெண்களும் என் வாயையே பார்த்தார்கள். இந்த முறை நான் யார் காதையும் நம்பி இருக்கவில்லை.

"ஓம் அக்கா," என்றேன். "இது என்ர பாண்ட்."